கப்பல் கம்பெனி வாங்கிய கடற்கரை



"அமெரிக்கா போய் வந்தீர்களே, நமது இதழுக்கு ஒரு பயணக் கட்டுரை எழுதிக் கொடுங்கள் சார்" என்று செயலாளர் இரண்டு மாதமாக லிஃப்டில் பார்க்கும்போதெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தார். பயணக் கட்டுரை என்றால் எங்கே சாப்பிட்டோம், என்ன விலை, சுவாமி தரிசனம் கிடைத்ததா என்று எழுத வேண்டும். அதெல்லாம் என் மனைவி ஏற்கெனவே நம் வாட்ஸ்அப் குழுவில் படத்தோடு போட்டுவிட்டாள். அதனால் நான் பார்த்த ஒரே ஒரு இடத்தின் வரலாற்றை மட்டும் எழுதுகிறேன். அந்த இடத்தில் நாங்கள் இருந்தது மொத்தம் ஆறு மணி நேரம். திரும்பி வந்து அதைப் பற்றிப் படித்ததுதான் ஆறு மாதம்.

சென்ற ஆண்டு மார்ச் மாதம் பையனும் மருமகளும் எங்களை மயாமியிலிருந்து ஒரு குரூஸில் அழைத்துப் போனார்கள். மூன்று இரவுப் பயணம். ஒரு நாள் பஹாமாஸ் நாட்டின் தலைநகர் நாசோ. அடுத்த நாள் "கம்பெனியின் சொந்தத் தீவு" என்று நிகழ்ச்சி நிரலில் போட்டிருந்தது. கம்பெனிக்குச் சொந்தமாகக் கெஸ்ட் ஹவுஸ் இருக்கும், தேயிலைத் தோட்டம் இருக்கும், கேள்விப்பட்டிருக்கிறேன். தீவு இருக்குமா?

இருந்தது. பெயர் கிரேட் ஸ்டிரப் கே. பஹாமாஸில் பெர்ரி தீவுகள் என்று ஒரு கூட்டம் உண்டு. அதன் வடகோடியில் சுமார் 270 ஏக்கரில் ஒரு சின்னத் தீவு. நம் வளாகம் நாலரை ஏக்கர் என்பதை வைத்துக் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். பெரிய கப்பல் நேராக அணையும் துறையைக் கட்டும் வேலை அப்போதுதான் நடந்துகொண்டிருந்தது. ஆகவே கப்பலை ஆழத்தில் நிறுத்திவிட்டு, எங்களைப் படகில் ஏற்றிக் கரையில் விட்டார்கள். வெள்ளை மணல், கண்ணாடி மாதிரித் தண்ணீர், வரிசையாகச் சாய்வு நாற்காலிகள். தென்னை மரங்களுக்கு நடுவே கயிற்றுத் தூளி. பாஸ்போர்ட்டைக் கேட்பார் இல்லை. கப்பலில் கொடுத்த அட்டை ஒன்றே அறைச் சாவி, அதுவே பர்ஸ், அதுவே அடையாளச் சீட்டு. கப்பலில் ஏறியதிலிருந்து நான் ஒவ்வொரு விலையையும் ரூபாயில் பெருக்கிக்கொண்டிருந்தேன். "அப்பா, இங்கே பெருக்கக் கூடாது" என்று பையன் இரண்டு முறை சொல்லிவிட்டான். முப்பத்தெட்டு வருடம் வங்கிக் கவுன்ட்டரில் உட்கார்ந்தவனால் பெருக்காமல் இருக்க முடியுமா?

ஒரு கப்பல் கம்பெனிக்குத் தீவு எதற்கு என்பதைத் தெரிந்துகொள்ள 1966-க்குப் போக வேண்டும்.

அதற்கு முன்பு பயணிகள் கப்பல் என்றால் ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குப் போவதற்கான வண்டி. 1958-இல் அட்லாண்டிக் கடலைக் கடக்கும் ஜெட் விமானங்கள் வந்தன. ஐந்து நாள் பயணம் சில மணி நேரமாகச் சுருங்கியது. கப்பல்களுக்கு வேலை போயிற்று. அந்த நேரத்தில் நார்வேயைச் சேர்ந்த க்நூட் க்ளோஸ்டர் என்பவர் 'சன்வார்ட்' என்று புதிதாக ஒரு கப்பல் கட்டினார். இங்கிலாந்திலிருந்து ஜிப்ரால்டருக்கு விடுமுறைப் பயணிகளைக் கொண்டு போவது அவர் திட்டம். ஆனால் ஜிப்ரால்டர் விஷயத்தில் ஸ்பெயின் தகராறு செய்தது. போதாததற்கு அந்த வருடம் பிரிட்டிஷ் அரசு தன் குடிமக்கள் வெளிநாட்டுச் சுற்றுலாவுக்கு ஆளுக்கு 50 பவுனுக்கு மேல் எடுத்துப் போகக் கூடாது என்று கட்டுப்பாடு கொண்டுவந்தது. ஆக, கப்பல் இருக்கிறது, போக ஆள் இல்லை.

இந்த இடத்தைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. நான் 1982-இல் வங்கியில் சேர்ந்தபோது நம் நாட்டில் ஃபெரா சட்டம். அந்நியச் செலாவணி என்றாலே மேனேஜர் கையெழுத்துப் போடுவதற்கு முன் ஒரு டம்ளர் தண்ணீர் குடிப்பார். அந்தத் தொல்லை நமக்கு மட்டும்தான் என்று நினைத்திருந்தேன். உலகத்துக்கே கப்பல் விட்ட பிரிட்டிஷ்காரனும் 50 பவுனை எண்ணிக்கொண்டு நின்றிருக்கிறான்.

மயாமியில் டெட் அரிசன் என்று இன்னொருவர். அவரிடம் டிக்கெட் வாங்கப் பயணிகள் இருந்தார்கள், கப்பல் இல்லை. இருவரும் கூட்டுச் சேர்ந்தார்கள். 1966 டிசம்பரில் சன்வார்ட் கப்பல் மயாமியிலிருந்து நாசோவுக்குக் கிளம்பியது. ஐந்நூற்றுச் சொச்சம் பேர் போகக்கூடிய கப்பல். போகும் இடத்துக்காக இல்லாமல் போவதற்காகவே கப்பலில் போகும் வழக்கத்தை வாரா வாரம் மலிவாக நடத்திக் காட்டியது இந்த ஏற்பாடுதான். அப்படிப் பிறந்தது நார்வீஜியன் கரீபியன் லைன். பங்காளிகள் சில வருடத்திலேயே சண்டை போட்டுப் பிரிந்தார்கள். பிரிந்து போன அரிசன் 1972-இல் கார்னிவல் என்று சொந்தக் கம்பெனி தொடங்கினார். அவருடைய முதல் கப்பல் முதல் பயணத்திலேயே மயாமி துறைமுக வாசலில் மணல் திட்டில் ஏறி உட்கார்ந்துவிட்டது. இன்றைக்கு உலகத்தில் மிகப் பெரிய குரூஸ் கம்பெனி அதுதான். சகுனம் பார்ப்பவர்கள் கவனிக்கவும்.

நாசோவுக்குக் கூட்டம் கூடிக்கொண்டே போயிற்று. ஒரே நாளில் நாலைந்து கப்பல்கள். சிறிய ஊர், குறுகலான தெரு. வந்தவர்களே மீண்டும் மீண்டும் அதே கடைத்தெருவைப் பார்த்தார்கள். இதற்கிடையில் 1973-இல் எண்ணெய் விலை ஏறியது. கப்பலுக்கு எரிபொருள்தான் சாப்பாடு. தூரத்துத் தீவுகளுக்கு வேகமாக ஓட்டினால் கட்டுப்படியாகாது. மயாமிக்குப் பக்கத்திலேயே, இரவெல்லாம் மெதுவாக ஊர்ந்து போய்க் காலையில் சேரும்படி ஓரிடம் இருந்தால் எப்படி இருக்கும்?

இன்னொரு காரணமும் உண்டு. அமெரிக்காவில் 1886-ஆம் வருடத்துச் சட்டம் ஒன்று இன்றும் அமலில் இருக்கிறது. வெளிநாட்டுக் கொடி பறக்கும் கப்பல், அமெரிக்காவின் ஒரு துறைமுகத்திலிருந்து இன்னொரு துறைமுகத்துக்குப் பயணிகளைக் கொண்டுபோய் இறக்கக் கூடாது. இந்தக் கம்பெனிகளின் ஆட்கள் மயாமியில் உட்கார்ந்திருந்தாலும் கப்பல்களில் பறப்பது பஹாமாஸ் கொடி, பனாமா கொடி, லைபீரியா கொடி. கம்பெனிகளின் பதிவும் அப்படித்தான்: கார்னிவல் பல வருடம் பனாமாவில், ராயல் கரீபியன் லைபீரியாவில், நார்வீஜியன் பெர்முடாவில். வரியும் சம்பளச் சட்டமும் இலகுவாக இருக்கும் இடம் பார்த்துப் பதிந்துகொள்வது. பி.காம். படித்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. ஆகையால் வெளிநாட்டு மண் ஒன்றைத் தொட்டுவிட்டுத் திரும்புவதே இவர்களுக்கு வசதி. அந்த வெளிநாட்டு மண் தனக்கே சொந்தமாக இருந்துவிட்டால்?

1977-இல் நார்வீஜியன் கம்பெனி கிரேட் ஸ்டிரப் கே தீவுக்குத் தன் பயணிகளைக் கொண்டுவரத் தொடங்கியது. அதுவரை அந்த இடம் ஓர் எண்ணெய்க் கம்பெனியின் கையில் இருந்தது. 1980-களில் தீவையே கிரயம் செய்துகொண்டார்கள். குரூஸ் கம்பெனி ஒன்று தனக்கென்று தீவு வைத்துக்கொண்டது அதுவே முதல் தடவை. ஆரம்பத்தில் பெரிய வசதிகள் இல்லை. கரையில் அடுப்பு மூட்டி உணவு, நீச்சல், ஒரு பாட்டுக் கச்சேரி, சாயங்காலம் கப்பலுக்குத் திரும்பல். கப்பலிலேயே சமைத்ததைக் கரையில் பரிமாறினார்கள், அவ்வளவுதான்.

ஆனால் கணக்கு எழுதிப் பார்த்தால் அதன் அழகு தெரியும். கப்பல் நாசோவுக்குப் போகிறது என்று வைத்துக்கொள்வோம். துறைமுகக் கட்டணம் வெளியே போகிறது. பயணி இறங்கி டாக்ஸியில் போகிறார், ஊர்க்காரர் கடையில் மீன் வறுவல் சாப்பிடுகிறார், பனையோலைக் கூடை வாங்குகிறார். அந்தப் பணம் எல்லாம் ஊருக்குப் போய்விடுகிறது. அதே பயணியைச் சொந்தத் தீவில் இறக்கினால்? குடை வாடகை, பானம், படகுச் சவாரி, டி-ஷர்ட் எல்லாம் அந்த அட்டையில்தான் பதிவாகும். ஒரு சட்டைப் பையிலிருந்து எடுத்து இன்னொரு சட்டைப் பையில் போடுவது போல, இரண்டு சட்டையும் கம்பெனியுடையது. இந்தத் தொழிலில் டிக்கெட் பணம் மொத்த வருமானத்தில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்குதான். மீதி, ஏறிய பிறகு பயணி செலவழிப்பது. டிக்கெட் ஏன் இவ்வளவு மலிவு என்று நான் பையனிடம் கேட்டதற்கு இதுதான் பதில்.

மற்றவர்கள் பார்த்துக்கொண்டு சும்மா இருப்பார்களா? பக்கத்துத் தீவான லிட்டில் ஸ்டிரப் கே ராயல் கரீபியனிடம் குத்தகைக்குப் போய் 'கோகோ கே' ஆயிற்று. ஹாலந்து அமெரிக்கா கம்பெனி 1996-இல் லிட்டில் சான் சால்வடார் என்ற 2,400 ஏக்கர் தீவை 60 லட்சம் டாலருக்கு வாங்கி 'ஹாஃப் மூன் கே' என்று பெயர் வைத்தது. டிஸ்னி, அபாக்கோ பக்கத்தில் கோர்டா கே என்ற தீவை 99 வருடக் குத்தகைக்கு எடுத்து 1998-இலிருந்து கப்பல் விடுகிறது. அங்கே இருந்த பழைய விமான ஓடுதளம் ஒரு காலத்தில் போதைப்பொருள் கடத்தல்காரர்கள் இறங்கிய இடம். இப்போது அதே தீவில் மிக்கி மவுஸ் கை குலுக்குகிறது. எம்.எஸ்.சி. கம்பெனியுடைய தீவு இன்னும் விசித்திரம். ஓஷன் கே என்ற அது கடலடி மணலைத் தோண்டி விற்பதற்காக மனிதன் உண்டாக்கிய தொழில் தீவு. பழைய இரும்புக் குப்பையை எல்லாம் அள்ளிவிட்டு 2019-இல் கடற்கரை ஆக்கினார்கள். கோகோ கேயில் அதே வருடம் 25 கோடி டாலர் செலவழித்து 135 அடி உயரத்துக்குச் சறுக்குமரம் கட்டினார்கள். மணலும் கடலும் போதவில்லை போலிருக்கிறது. சன்வார்ட் கப்பலில் ஐந்நூற்றுச் சொச்சம் பேர் என்றேன். 2024-இல் ஓடத் தொடங்கிய 'ஐகான் ஆஃப் த சீஸ்' கப்பலில் 7,600 பயணிகள் வரை ஏறலாம். ஒரு பேரூராட்சி காலையில் கடலிலிருந்து இறங்கி, சாயங்காலம் ஏறிப் போகிறது.

தீவுகளை வாங்கினார்கள், பெயர் மாற்றினார்கள் என்று எழுதிவிட்டேன். அதற்கு முன் அங்கே யாரும் இல்லையா என்ற கேள்வி எனக்குத் தூளியில் படுத்திருந்தபோது வந்தது. அந்தத் தூளிக்கு ஆங்கிலத்தில் 'ஹாமக்' என்று பெயர். ஊர் திரும்பிப் படித்தபோதுதான் தெரிந்தது: அது ஆங்கிலச் சொல்லே அல்ல, கரீபியத் தீவுகளில் வாழ்ந்த தைனோ மக்களின் சொல். ஸ்பானியர்கள் எடுத்துக்கொண்டு போய் ஐரோப்பாவுக்குக் கொடுத்தது. 1492-இல் கொலம்பஸ் முதலில் கால் வைத்தது பஹாமாஸ் தீவுகளில் ஒன்றில். அங்கே இருந்தவர்கள் லூக்காயர்கள், தைனோ இனத்தின் ஒரு கிளை. அவர்களை அடிமைகளாகப் பிடித்துக்கொண்டு போய்ப் பக்கத்துப் பெரிய தீவின் சுரங்கங்களில் இறக்கினார்கள். முத்துக் குளிக்கவும் விட்டார்கள். கொலம்பஸ் வந்து முப்பது வருடத்துக்குள் பஹாமாஸ் தீவுகளில் ஆளே இல்லை. சொல் மட்டும் தென்னை மரத்தில் தொங்குகிறது.

பிறகு ஆங்கிலேயர் வந்தார்கள், அமெரிக்கச் சுதந்திரப் போரில் தோற்ற அரச விசுவாசிகள் தங்கள் அடிமைகளோடு வந்து பருத்தி போட்டார்கள். மண்ணில் சத்தில்லை. பருத்தி போயிற்று. 1834-இல் பிரிட்டிஷ் சாம்ராஜ்யத்தில் அடிமை முறை ஒழிப்புச் சட்டம் அமலுக்கு வந்தது. 1836-இல் விடுவிக்கப்பட்ட ஆப்பிரிக்கர்களைக் கொண்டு, நான் தூளி ஆடிய அதே கிரேட் ஸ்டிரப் தீவில் ஒரு குடியேற்றம் அமைத்தார்கள். அரசர் நான்காம் வில்லியம் பெயரில் வில்லியம்ஸ் டவுன்.

அதை அமைத்த ஆளுநர் பெயரைப் பார்த்ததும் நான் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி படித்தேன். வில்லியம் கோல்புரூக். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து நம் சி பிளாக்கில் இருக்கும் நண்பரிடம் காட்டினேன். "எங்கட பள்ளிக்கூடச் சரித்திரப் புத்தகத்தில வாற ஆள்" என்றார். அதே கோல்புரூக்தான். கோல்புரூக் - கேமரன் சீர்திருத்தம் என்று இலங்கைப் பிள்ளைகள் மனப்பாடம் செய்வார்களாம். 1829-இல் இலங்கைக்கு விசாரணைக் கமிஷனராக வந்தவர். ராஜகாரியம் என்ற கட்டாய ஊழியத்தை ஒழிக்கச் சொன்னவர், தமிழ்ப் பகுதிகளையும் கண்டியையும் கரையோரத்தையும் ஒரே நிர்வாகத்தின் கீழ் கொண்டுவரச் சொன்னவர். அந்தக் கடைசிப் பரிந்துரையின் வரவு செலவு இன்றுவரை முடியவில்லை என்று நண்பர் சொன்னார். அது வேறு கட்டுரை, அவர்தான் எழுத வேண்டும். இலங்கையில் கட்டாய ஊழியத்தை ரத்துச் செய்யச் சொன்ன மனிதர், அடுத்த உத்தியோகத்தில் பூமியின் அந்தப் பக்கம் போய் விடுதலையானவர்களுக்கு ஊர் கட்டிக் கொடுத்திருக்கிறார். ஊர் நிலைக்கவில்லை. 1863-இல் கட்டிய கலங்கரை விளக்கம் நிற்கிறது. படகில் வரும்போது அதைப் பார்த்தேன். அழகாக இருக்கிறது என்று படம் எடுத்துக்கொண்டேன், அவ்வளவுதான் அப்போது தெரிந்தது.

கரையில் கடற்பாசியை வாரி அள்ளிக்கொண்டிருந்த ஒருவரிடம் பேச்சுக் கொடுத்தேன். என் வயதுக்குப் பத்து வயது குறைவாக இருக்கலாம். ஊர் எது என்றேன். பக்கத்துத் தீவு, கிரேட் ஹார்பர் கேயில் புல்லக்ஸ் ஹார்பர் என்ற கிராமம். காலையில் படகில் வந்து சாயங்காலம் படகில் போய்விடுவார்களாம். "கப்பல் வராத நாளில்?" என்றேன். "கப்பல் வராத நாளில் மீன்" என்றார். குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு இந்தக் கரைக்கு வந்து குளிப்பீர்களா என்று நான் கேட்டிருக்க வேண்டாம். அவர் சிரித்துவிட்டு, தன் கழுத்தில் தொங்கிய அட்டையைத் தொட்டுக் காட்டினார். என்னிடமும் அதே மாதிரி ஓர் அட்டை தொங்கியது.

பஹாமாஸ் அரசின் நிலைமையும் லேசானதல்ல. 1973-இல் சுதந்திரம் பெற்ற நாடு. எழுநூறு தீவுகள், ஆள் வசிப்பது சுமார் முப்பதில். மக்கள் தொகை 4 லட்சம். 2024-இல் அங்கே வந்தவர்கள் 1 கோடியே 12 லட்சம் பேர். அதில் சுமார் 94 லட்சம் பேர் கடல் வழியாக வந்தவர்கள். எண்ணிக்கை பிரமாதம். ஆனால் ஹோட்டலில் தங்குபவர் விட்டுப் போகும் பணம் எங்கே, ஆறு மணி நேரம் நின்று போகிறவர் விட்டுப் போகும் பணம் எங்கே? அரசுக்கும் இது தெரிந்துதான் இருக்கிறது. 2024 தொடக்கத்தில் பயணி வரியை உயர்த்தினார்கள். நாசோவுக்கு வருபவருக்குத் தலைக்கு 23 டாலர், கம்பெனித் தீவுக்கு மட்டும் வந்து போகிறவருக்கு 25 டாலர். இரண்டு டாலர் வித்தியாசம்தான். ஆனால் அந்த இரண்டு டாலரில் ஒரு நாட்டின் மனக்குறை தெரிகிறது.

இதுவரை சொன்னது தீவு. தீவே இல்லாத ஒரு தீவைப் பற்றியும் சொல்ல வேண்டும். அதற்காகத்தான் இந்தக் கட்டுரையையே எழுதத் துணிந்தேன்.

ஹைட்டி நாட்டின் வடகரையில் லபாடி என்று ஓரிடம். மலையும் காடும் சூழ்ந்த ஒரு தீபகற்பம், பெருநிலத்தோடு சேர்ந்தது. 1986 முதல் ராயல் கரீபியன் இதை ஹைட்டி அரசிடமிருந்து குத்தகைக்கு எடுத்து நடத்துகிறது. சுற்றி வேலி. காவலாளிகள். பல வருடம் விளம்பரங்களில் "ஹிஸ்பானியோலா தீவில் உள்ள சொர்க்கம்" என்றுதான் போட்டார்களே ஒழிய, ஹைட்டி என்ற பெயரைப் போடவில்லை. பெயரைப் போட்டால் பயணி பயப்படுவார். கப்பலில் வந்து இறங்கி, நாள் முழுக்கக் குளித்துவிட்டு, எந்த நாட்டில் இருந்தோம் என்றே தெரியாமல் திரும்பிப் போனவர்கள் உண்டு.

ஹைட்டி ஏன் அவ்வளவு ஏழை நாடு என்பதற்கு ஒரு வங்கிக் கணக்கு இருக்கிறது. எனக்கு இதைப் படித்து இரண்டு நாள் சரியாகத் தூக்கம் வரவில்லை. லபாடியிலிருந்து சில மைல் தூரத்தில் காப் ஹைசியன் நகரம். அதைச் சுற்றிய சமவெளியில்தான் 1791-இல் கரும்புத் தோட்ட அடிமைகள் கிளர்ந்தெழுந்தார்கள். நெப்போலியனின் படையையே தோற்கடித்து 1804-இல் சுதந்திர நாடு அமைத்தார்கள். அடிமைகள் தாங்களே போராடி நாடு அமைத்தது உலகத்தில் அது ஒன்றுதான். 1825-இல் பிரெஞ்சு அரசர் போர்க் கப்பல்களை அனுப்பி, "உங்களை அங்கீகரிக்க வேண்டுமானால் எங்கள் தோட்ட முதலாளிகளுக்கு 15 கோடி பிராங்க் நஷ்டஈடு கொடுங்கள்" என்றார். நஷ்டம் எது? அந்த மனிதர்களேதான். தாங்கள் யாருடைய சொத்தாக இருந்தார்களோ அவர்களுக்கே, தங்களுக்கான விலையை அவர்களே கட்ட வேண்டும். முதல் தவணைக்கே பணம் இல்லாமல் பாரிஸ் வங்கிகளில் கடன் வாங்கினார்கள். பிறகு தொகையை 9 கோடியாகக் குறைத்தார்கள். ஆனால் கடனுக்கு வட்டி, வட்டிக்குக் கடன் என்று சுற்றிச் சுற்றி, கடைசிப் பாக்கி தீர்ந்தது 1947-இல். நூற்றிருபது வருடத்துக்கு மேல் ஓடிய கடன் கணக்கு! நாங்கள் வாராக் கடன் என்று ஏழு வருடத்தில் கைகழுவுவோம்.

அப்படிப்பட்ட நாடு தன் கரையில் ஒரு துண்டைக் குத்தகைக்கு விட்டு, பயணி ஒருவருக்குச் சுமார் 12 டாலர் வாங்கியது. கம்பெனியில் முந்நூறு உள்ளூர்க்காரர்களுக்கு வேலை. இன்னும் இருநூறு பேர் உள்ளே கைவினைப் பொருள் விற்க அனுமதிச் சீட்டு வாங்கினார்கள். அந்தப் பக்கத்துக்கு அதுவே பெரிய தொழிற்சாலை.

2010 ஜனவரி 12 அன்று ஹைட்டியின் தலைநகரைப் பூகம்பம் தரைமட்டம் ஆக்கியது. செத்தவர்கள் லட்சக் கணக்கில். மூன்றாம் நாள், 15-ஆம் தேதி, ராயல் கரீபியனின் ஒரு கப்பல் திட்டமிட்டபடி லபாடியில் அணைந்தது. வடகரையில் சேதம் இல்லை. பயணிகள் இறங்கிக் குளித்தார்கள். உலகமே திட்டியது. அதே நாட்டில் சில மணி நேரத் தூரத்தில் பிணங்களை அள்ளிக்கொண்டிருக்கிறார்கள், இங்கே பானத்தில் குடை குத்திக் குடிக்கிறார்களே என்று. கப்பலிலேயே சிலருக்கு மனசு கேட்கவில்லை, இறங்க மாட்டேன் என்று கப்பலிலேயே இருந்தவர்கள் உண்டு. ஆனால் அந்தக் கப்பலின் வயிற்றில்தான் அரிசியும் பருப்பும் பால் பவுடரும் தண்ணீரும் வந்தன. லபாடியில் வரும் வருமானத்தை நிவாரணத்துக்குக் கொடுப்பதாகவும், குறைந்தது 10 லட்சம் டாலர் தருவதாகவும் கம்பெனி சொன்னது. ஹைட்டி அரசுத் தரப்பிலும் "வாருங்கள், வராமல் இருந்துவிடாதீர்கள்" என்றே சொன்னார்கள்.

நான் அந்தக் கப்பலில் இருந்திருந்தால் இறங்கியிருப்பேனா? வீட்டில் இதைப் பற்றிப் பேச்சு வந்தது. என் மனைவி, "சாவு வீட்டுக்குப் பக்கத்து வீட்டில் கல்யாணம் நடத்துவது மாதிரி, இறங்க மாட்டேன்" என்றாள். மருமகள் வீடியோ காலில், "அத்தை, நீங்க இறங்காட்டி அந்தத் தொப்பி விக்கிற அம்மாவுக்கு அன்னிக்குச் சோறு இல்லை" என்றாள். இரண்டு பேரும் சரி என்றுதான் எனக்குப் பட்டது. அதை வெளியே சொன்னால் இரண்டு பேரிடமும் திட்டு கிடைக்கும் என்பதால் காபி போடப் போய்விட்டேன்.

நம் வளாகத்திலும் இப்படி ஒரு பேச்சு நடந்தது ஞாபகம் இருக்கும். தள்ளுவண்டிக் காய்கறிக்காரர்களை உள்ளே விடுவதா வேண்டாமா என்று பொதுக்குழுவில் ஒன்றரை மணி நேரம். பாதுகாப்பு, பாதுகாப்பு என்று அன்றைக்கு அதிகமாகப் பேசியவன் நான்தான். உள்ளே ஒரு கடைக்கு இடம் கொடுத்துவிட்டு வண்டிகளை கேட்டுக்கு வெளியே நிறுத்தினோம். கீரைக்கார அம்மா இப்போது வருவதில்லை. எங்கே போனார் என்று யாருக்கும் தெரியவில்லை. வாட்ச்மேனிடம் கேட்டுப் பார்த்தேன், அவருக்கும் தெரியவில்லை.

லபாடியின் கதை அதற்குப் பிறகு இறங்குமுகம். 2016 ஜனவரியில் அரசியல் கொந்தளிப்பின்போது ஆர்ப்பாட்டக்காரர்கள் சிறு படகுகளில் வந்து கப்பலைச் சூழ்ந்துகொண்டார்கள், கப்பல் பயணிகளை இறக்காமலே போயிற்று. 2024 மார்ச்சில் ஹைட்டியின் தலைநகர் ஆயுதக் கும்பல்களின் கைக்குப் போனபோது கப்பல்களை நிறுத்தினார்கள். அந்த வருடக் கடைசியில் மறுபடி வந்து பார்த்தார்கள். 2025-இல் திரும்பவும் நிறுத்திவிட்டார்கள். கம்பெனிக்கு இதனால் பெரிய இழப்பு இல்லை, கப்பலை வேறு தீவுக்குத் திருப்பிவிட்டால் போயிற்று. லபாடிக்குத் திருப்ப வேறு கப்பல் கிடையாது.

பஹாமாஸ் பக்கமோ வேலை மும்முரம். 2024-இல் டிஸ்னி எலூத்ரா தீவின் தென்கோடியில் இரண்டாவது இடத்தைத் திறந்தது. அந்த நிலத்தைப் பொதுமக்களுக்கான இயற்கைப் பூங்காவாக விட வேண்டும் என்று உள்ளூரில் பல வருடம் போராடினார்கள். வேலை கிடைக்கும் என்று வரவேற்றவர்களும் அதே ஊர்க்காரர்கள்தான். 2025 ஜூலையில் கார்னிவல், கிராண்ட் பஹாமாவில் 60 கோடி டாலர் செலவில் 'செலிப்ரேஷன் கீ'யைத் திறந்தது. 2019-இல் டோரியன் சூறாவளி அடித்துப் போட்ட தீவு அது. அங்கே வேலை வேண்டாம் என்று சொல்ல யாருக்கு மனசு வரும்?

கிரேட் ஸ்டிரப்பிலிருந்து நாங்கள் சாயங்காலம் கடைசிப் படகுக்கு முந்தைய படகில் கிளம்பினோம். தளத்தில் நின்று பார்த்தபோது கரையில் சாய்வு நாற்காலிகளை ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டிருந்தார்கள். கடற்பாசி அள்ளியவர் அங்கே இருந்தாரா என்று தேடினேன். அவ்வளவு தூரத்தில் முகம் தெரியவில்லை. கொஞ்ச நேரத்தில் தீவின் மறுபக்கத்திலிருந்து ஒரு சின்னப் படகு கிளம்பி, ஆட்கள் நெருக்கியடித்து உட்கார்ந்திருக்க, பக்கத்துத் தீவைப் பார்த்துப் போயிற்று. அப்புறம் கப்பலில் இரவுச் சாப்பாட்டுக்கு அறிவிப்பு வந்தது. நாங்கள் உள்ளே போய்விட்டோம்.